அடைக்கோழியும் அப்பாவின் காதும்

அன்பு மகள் யமுனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, குச்சிக்கிழங்கு நன்றாக இறங்கியிருக்கிறது. குவைத்தில் நீ எப்படி இருக்கிறாய் கண்ணு, ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிற கால்களுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? லீவு முடிந்து திரும்புகிற உன் தோழி விஜயாவிடம் மிளகும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அப்பாவுக்கு இன்னும் என் மேல் கோபம் போகவில்லையா, இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று போன வாரம் அழுதாய் அல்லவா, அதற்குப் பதில் இதில் இருக்கிறது. முழுவதும் படி, நடுவில் அழாதே.

நீ வெளிநாடு போகக்கூடாது என்று உங்கப்பா சண்டை போட்டது உண்மைதான். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் போனைக் காதில் வைத்து ம் என்று சொல்லிவிட்டு என் கையில் திணித்ததும் உண்மைதான். நானும் கோபம் என்றே நினைத்தேன். இதற்கு நடுவில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. மேட்டு வீட்டு கண்ணாயி வந்து, ஏனக்கா உங்கூட்டு நியூசு எங்கூட்டுல கேக்குதே என்று சிரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. கேட்டால், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, இந்த டிவிதான் வாய்க்குள்ளயே பேசுது என்பார். சரி, டிவிக்கு வாயைத் திறந்துவிடுவோம் என்று அவரையும் இழுத்துக்கொண்டு நாமக்கல்லுக்கு சவுண்ட்பார் வாங்கப் போனேன்.

கடையில் கோகுல் என்று ஒரு தம்பி, நல்ல பிள்ளை, ஆனால் எதைக் காட்டினாலும் சண்டைப் பாட்டுதான் போட்டுக் காட்டினான். இதப் போட்டா ஊடே அதிருமுங்கம்மா என்றான். ஊடு அதிர வேண்டாம் தம்பி, பேச்சு புரியணும் என்று சொல்லி, செய்தி வைக்கச் சொல்லிவிட்டு உங்கப்பாவைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். ஒவ்வொரு பாராகப் போட்டு, செய்தி வாசிக்கிற பெண் என்ன சொன்னாள் என்று அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றில் தடுமாறினார், நாலாவதை அப்படியே ஒப்பித்தார். அதை எடுத்துக்கொண்டோம். கூடவே தம் தம் என்று அடிக்கும் ஊஃபர் பெட்டியும் ஒன்று. நம் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறும்வரை பாரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மாட்டியதும் நான்தான். டிவிக்கும் பாருக்கும் ஒரே ஒரு வயர், ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில் செருக வேண்டும். முதலில் பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டு, கடையில் ஏமாற்றிவிட்டான் என்று கோகுலைப் போனில் திட்டிவிட்டேன், பாவம். பாரை டிவிக்கு முன்னால் மேசை விளிம்பில் வைத்தேன், ஊஃபரை மூலையில் வைத்தேன். அப்படியும் உங்கப்பா, ஒரே கும்முனு இருக்குது புள்ள, பேச்சு புரியல என்று எழுந்து போய்விட்டார். அந்த மூலையில்தான் கருப்புக் கோழி பன்னிரண்டு முட்டையோடு கூடையில் அடை இருந்தது. இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடுமே என்று எப்போதும்போல் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் கூடைக்குள் போட்டிருந்தேன், ஆனால் வீட்டுக்குள்ளேயே நான் இடியைக் கொண்டுவந்து வைத்தால் கரி என்ன செய்யும்? கோழி படபடவென்று எழுந்து எழுந்து உட்கார்ந்தது. குஞ்சு பொரிக்கும்வரை இது வேண்டாம் என்று ஊஃபர் வயரைப் பிடுங்கினேன். அன்றைக்குச் செய்தியில் மழை பற்றிச் சொன்னதை உங்கப்பா எனக்குத் திருப்பிச் சொன்னார். கோழிக்காகப் பிடுங்கினேன் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் போனில் இருந்து பாரில் பாட்டு வைத்துப் பார்த்துவிட்டு அதைத் துண்டிக்க மறந்துவிட்டேன். நீ பேசி அனுப்பியிருந்ததை அமுக்கினேன், டிவிக்கு ஏற்றி வைத்திருந்த சத்தத்திலேயே உன் குரல் பாரில் வந்தது. அம்மா சாப்டியா, அப்பா என்ன பண்றாரு என்று கேட்டாயே, அதுதான். கொல்லையில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியும் கையுமாக ஓடிவந்து, யமுனா எப்ப வந்துச்சு என்று கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் பாரைக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் கண்ணு. மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். போன்ல புள்ள பேசுறது தகரத்துல மழ உழுற மாரி இருக்குது, ஒண்ணும் புரியல, கேக்கலன்னு சொன்னா வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்துரும், அதான் உன்கிட்டக் குடுத்துட்டேன் என்றார். டிவியையும் போனையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. போகாதே என்று சண்டை போட்டவர்தான், நீ திரும்பி வந்துவிடக்கூடாது என்று இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நீ பயப்படாதே, ஓடியும் வராதே. அடுத்த வாரம் ராசிபுரத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், வரமாட்டேன் என்று அவரும் சொல்லவில்லை, சொன்னாலும் விடமாட்டேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருக்கென்று தனியாகப் பேசி அனுப்பு. நிறுத்தி நிதானமாகப் பேசு, எடுத்ததும் அப்பா என்று கூப்பிடு. கோழி பத்துக் குஞ்சு பொரித்திருக்கிறது, வீணான இரண்டும் ஊஃபர் கணக்கு. அது இப்போது பரண் மேல் கிடக்கிறது.

மிளகை வெயிலில் ஒரு தடவை காயவைத்து டப்பாவில் போடு, மறக்காதே. கைராசிக்காரி என்று நோயாளிகள் எல்லோரும் வாழ்த்த நீ நன்றாக இருக்க வேண்டும் சாமி. கீழே உங்கப்பா தானே ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

உன் அம்மா,
பாப்பாத்தி

கோபம் இல்லை சாமி. இப்போ நல்லாக் கேக்குது. பேசு.
சின்னுசாமி