பத்து மெகா ஓம் பயம்

குரோம்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள அபிதாவுக்கு,

ஸ்ரீரங்கன் எழுதுவது. நான் சௌக்கியம். புனேயில் நீயும் ஸ்ம்ருதியும் மாப்பிள்ளையும் குழந்தை ஹர்ஷாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் வோல்ட் என்று வாயைத் திறந்தாலே, "சரி, சாப்பிட்டேளா?" என்று கேட்டுவிட்டு ஸ்ம்ருதியிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

சாப்பிட்டேன். ரசம் இப்போது ஓரளவு ரசமாகவே வருகிறது. உன் முட்டிக்குச் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் கரண்ட் போய் நீ லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டாய். வெளியே வந்ததும், "பேட்டரி பாத்துக்கும்னேளே, அதுல சத்து இருக்கா இல்லையான்னு உள்ள போறதுக்கு முன்னாடி நேக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன், அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன். இனி அதில் ஏறமாட்டேன் என்றாய். மூன்று மாடி ஏற முட்டி விடவில்லை. ஸ்ம்ருதி வந்து அழைத்துக்கொண்டு போனாள். உன் கேள்விக்கு இப்போதுதான் ஒரு பதில் செய்திருக்கிறேன்.

கரண்ட் போனால் லிஃப்ட்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடும் அந்தப் பேட்டரியைக் குடியிருப்புச் சங்கத்தில் புதிதாக மாற்றிவிட்டார்கள். பெயருக்கு நாற்பத்தெட்டு வோல்ட்; சார்ஜ் ஏறும்போது இன்னும் கூடும். அதை அளந்து காட்ட நான் செய்த மீட்டருக்குள் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் உன் குங்குமச் சிமிழ் அளவுதான். மூன்றேகால் வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாகக் கோத்துப் பேட்டரிக்குக் குறுக்கே போட்டால் வோல்டேஜ் இரண்டுக்குமாகப் பிரியும். பெரியது பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். சிறியதன்மேல் விழும் கொஞ்சத்தை மட்டும் சிப்புக்குக் காட்டினால் போதும். அறுபது வோல்ட்டே வந்தாலும் மூன்றேகாலுக்குள் அடங்கும்படி கணக்குப் போட்டேன்.

கணக்கு சரிதான். ஆனால் என் சுபாவம் உனக்குத் தெரியும். மின்சாரம் எவ்வளவு குறைவாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்று, விகிதத்தை மாற்றாமல் இரண்டு ரெசிஸ்டரையும் மிகப் பெரியதாகப் போட்டேன். பெரியது பத்து மெகா ஓம். லிஃப்ட் கம்பெனி ஆள் ஃபியூஸ் வைத்து இணைத்துவிட்டுப் போனார். மறுநாள் என் மீட்டர் முப்பத்தொன்று என்று காட்டியது. பதறிப்போய் சங்கச் செயலாளர் ஜான்சியிடம் சொன்னேன். அந்தப் பெண் உடனே லிஃப்ட்டை நிறுத்திவிட்டாள்.

எல்லாரும் படி ஏறினார்கள். காவலாளி துளசிங்கம் தண்ணீர் கேன்களைத் தோளில் சுமந்துகொண்டு, "சாரு மிஷினு பண்ண வேலைல என் காலு ரெண்டும் பேஜாராப் பூட்ச்சு" என்று மாடிக்கு மாடி அறிவித்தான். கம்பெனி ஆள் திரும்ப வந்து தன் மீட்டரை வைத்தார். ஐம்பத்திரண்டு. "பேட்டரி ஜம்முனு கீது சார், உங்க பொட்டிதான் பொய் சொல்லுது" என்று சிரித்தார்.

மாடிக்கு வந்து நிதானமாக யோசித்தேன். அளப்பதற்கு அந்தச் சிப்பும் ஒரு வாய் மின்சாரம் உறிஞ்சியாக வேண்டும். அதுகூட வர முடியாதபடி வழியை அடைத்துவைத்திருந்தேன். பத்து மெகா ஓமை எடுத்துவிட்டு, அதில் நூறில் ஒரு பங்கான நூறு கிலோ ஓம் போட்டேன். சிறியதையும் அதே விகிதத்தில் குறைத்து, எண் ஆடாமல் நிற்கப் பக்கத்தில் ஒரு சின்னக் கெபாசிட்டரும் வைத்தேன். இப்போது அவருடைய மீட்டரும் என் மீட்டரும் ஒன்றையே சொல்கின்றன.

ஆனால் சும்மா இருக்கும் பேட்டரி காட்டும் எண்ணை முழுதாக நம்பமுடியாது. பாரம் இழுக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு லிஃப்ட்டுக்குள்ளே ஓர் ஆள் வேண்டும். யாரைக் கேட்பது? நானே ஏறிக்கொண்டேன்.

லிஃப்ட் பாதி வழியில் போகும்போது ஜான்சி மெயினை அணைத்தாள். ஒரே இருட்டு. நீ அங்கே நின்றது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வெளியே துளசிங்கம், "நாப்பத்தொம்போது சார்! அங்கியே நிக்கிது, எறங்கல! பயப்டாத!" என்று கத்திக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெல்ல அசைந்து இரண்டாவது மாடியில் வந்து திறந்தது. "இன்னா சார், இப்டி வேர்த்துகினு கீற?" என்றான். மறுபடி மெயினை அணைக்கச் சொல்லி இன்னொரு தரம் ஏறினேன். இந்தத் தரம் வேர்க்கவில்லை.

இப்போது எல்லா மாடியிலும் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் எண் தெரிகிறது. நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரியும். நீ பார்த்துவிட்டு ஏறலாம். பார்த்துவிட்டு ஏறாமலும் இருக்கலாம்.

ஏறாவிட்டாலும் பரவாயில்லை. கீழ்த்தளத்தில் ஈவ்லின் டீச்சர் வீடு தை மாதம் காலியாகிறது. வாடகைக்கு நமக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். சமையலறைக்கு வெளிச்சம் போதுமா என்று நீ வந்து பார்த்துச் சொன்னால்தான் நான் முடிவு செய்ய முடியும்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். ஸ்ம்ருதி டிக்கெட் போடும்போது கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடட்டும்.

இப்படிக்கு,
உன்
ஸ்ரீரங்கன்