சாத்தன் நங்கையின் மடை

டீச்சர்,

அன்றைக்குக் கண்மாய் மடையில் இருந்தவர்களை இப்போதும் ஒருவர் விடாமல் சொல்வேன். நீங்கள், உங்களோடு கல்லூரியில் வரலாறு நடத்திய பரமசிவம் சார், ஊர்த்தலைவர் வேலுச்சாமி, என் மதினி மாரியம்மாள், நான். பிறகு, மைக்செட் சத்தம் கேட்டு வந்த ஊர்ச்சனம். இன்று பேத்தி சிவகாசி அச்சாபீசிலிருந்து வந்து கை கழுவினாள். மை வாசம் அடித்தது. உங்கள் முந்தானையில் அடிக்குமே, அதே வாசம்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும்போதுதான் நாரணாபுரம் வருவீர்கள். சும்மா இருக்கும் எங்களை பஸ்ஸில் ஏற்றி, பாண்டியர் காலத்துக் கல்லெழுத்தைக் காட்டக் கூட்டிப் போவீர்கள். "கல்லைக் காலேஜுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதுக்கா. ஆளுகளைத்தான் கல்லுக்குக் கூட்டிட்டு வரணும்" என்பீர்கள்.

மல்லாங்கிணறுக்கு அந்தப்புறம், என் பிறந்த ஊர் மடைத்தூணில் எழுத்து இருப்பதைச் சொன்னவள் நான்தான். மடை கட்டியவர் வம்சத்துக்கே கோயிலில் முதல் மரியாதை என்பது அந்த ஊர் வழக்கம். யாரும் படிக்கும் முன்பே, அது தன் பூட்டன் பேர்தான் என்று வேலுச்சாமி முடிவுகட்டிவிட்டார். மைக்செட், மாலை, பரிவட்டம் எல்லாம் தயார்.

கூட்டம் சேருமுன் நீங்கள் தூணைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினீர்கள். கறுப்புக்குள் எழுத்து வெள்ளையாக எழும்பியது. முதலில் வாசித்தவர் பரமசிவம் சார். "சாத்தன் நங்கை செய்வித்த மடை."

"பொம்பளையா!" என்றாள் மதினி. "அப்ப பரிவட்டத்தை நம்ம ரெண்டு பேருல ஒருத்தி கட்டிக்கிருவமா?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் மை டப்பா சேலையில் கவிழ்ந்தது.

வேலுச்சாமி சிரிக்கவில்லை. "டீச்சரம்மா, கூட எங்க பூட்டன் பேரையும் சேத்து வாசிச்சிருங்க. கல்லு வந்து சண்டையா போடப் போகுது?"

"கல்லு போடாது. நான் போடுவேன்" என்றீர்கள்.

மைக்கில், இருந்ததை இருந்தபடியே வாசித்தீர்கள். வேலுச்சாமி மைக்கைப் பிடுங்கி சாரிடம் நீட்டினார். "ஏங்க, நீங்களும் படிச்சவுகதான? அப்படியா போட்டிருக்கு?"

சார் தூணைப் பார்க்கவில்லை. "எழுத்து தெளிவா இல்லைங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த ஒரு பேச்சில் உங்கள் பேர் போயிற்று. கட்டிவிட்ட கதை என்று கூட்டம் கூவியது. புகார் போய், இனி ஊர் ஊராக ஆள் சேர்க்கக் கூடாது என்றது கல்லூரி. நீங்கள் வேலையை விட்டீர்கள், எங்களை விடவில்லை. அடுத்த தீபாவளி முடிந்ததும் அதே பஸ்ஸில் வந்து இறங்கி, "என்னக்கா, கெளம்பலாமா?" என்றீர்கள்.

பழைய எழுத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். பிறந்த ஊருக்குப் போனால் மடையில் இறங்கி, எழுத்தின் மேல் விரலை ஓட்டி, துவைக்க வந்த பெண்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். "யாரு ஆத்தா அந்த நங்கை?" என்று கேட்கிறார்கள். உங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

வேலுச்சாமி செத்தபோது போய் அழுதுவிட்டுத்தான் வந்தேன். அவருக்கு அந்த எழுத்து தெரியாது; ஆசைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் உங்கள் சாவுக்கு மாலையோடு வந்து, நீங்கள் உண்மைக்காக வாழ்ந்தவர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாரே, தன் வாயால் முதலில் படித்தவர், அவரை மன்னிக்க மாட்டேன் டீச்சர். பரமசிவம் சாரை.