என் மூக்குக்குப் போட்ட ஒட்டு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நன்றாக இருக்கிறோம் என்று இப்போது எழுதுவது உண்மை, மூன்று மாதமாகப் போனில் சொன்னதுதான் பொய். கோபப்படாமல் முழுவதும் படி. உன் பரீட்சை முடியட்டும் என்று நான்தான் அப்பாவின் வாயைக் கட்டி வைத்திருந்தேன்.

என் மூக்கு நுனியில் பரு மாதிரி ஒன்று இருந்ததே, இஸ்திரிப் பெட்டிச் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது தோல் புற்றுநோய். டாக்டர் சொன்னபோது எனக்குக் காதே அடைத்துவிட்டது. இந்த வகை மெல்லத்தான் வளரும், முழுவதும் வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு போய்விடும் என்று அவர் சொன்னது, வீட்டுக்கு வந்து அப்பா இரண்டு தடவை எடுத்துச் சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறியது. வெட்டினார்கள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று மறுபடி வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஓரமெல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது, ஆனால் மூக்கில் பெரிய பொத்தான் அளவுக்கு ஓட்டை. உயிர் பிழைத்தாயிற்று, மூக்குக்காக அழலாமா என்று எனக்கே வெட்கம், ஆனாலும் அழுகை நிற்கவில்லை. அப்பாதான், "அழணும்னா அழு, உன் மூக்குதானே போச்சு, ஊரார் மூக்கா" என்றார். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்து, கட்டெல்லாம் நனைந்து, பாவம் நர்ஸ் புதுக்கட்டு போட வேண்டியதாயிற்று.

அப்புறம் மூக்கைச் சீராக்கிய டாக்டரம்மா. ஓட்டையை அளந்து, அதே வடிவத்தில் ஒரு துண்டுத் தாளைக் கத்தரித்து, என் நெற்றியில் வைத்துப் பேனாவால் கோடு போட்டார். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், நான் விழித்துத்தான் இருந்தேன். முப்பது வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் வாய் சும்மா இருக்குமா, தையலுக்குக் கொஞ்சம் கூட விட்டு வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நெற்றித் தோலை முழுவதும் அறுத்தெடுக்காமல், ரத்தம் ஓடுவதற்காகப் புருவத்துப் பக்கம் ஒட்டியபடியே விட்டு, அப்படியே திருப்பி மூக்கில் தைத்தார். மூன்று வாரம் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு தோல் பாலம். அப்பாவுக்கு நான் யானைக்குட்டி. மூக்கில் ஈ உட்கார்ந்தால் எனக்கு நெற்றி அரிக்கும், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. போன மாதம் அந்தப் பாலத்தையும் வெட்டியாயிற்று. கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, வற்றிவிடுமாம். தையலை நான் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கே வராத கை.

முந்தாநாள் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக வந்து நின்றவர் பாட்டு வாத்தியார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நிற்கிறேன். அவர் என்னை நேராகப் பார்த்து, "மூணு மாசமா கடை பூட்டிக் கிடக்கு, என் கோட்டு என்னாச்சு? போன தடவையே கை நீளம்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் பிடிபிடி என்று பிடித்தார். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பார்த்ததாகவே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை, கண்ணு.

உன் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தை ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுது, சாக்கு சொல்லாதே. வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

புது மூக்கும் பழைய வாயுமாக,
உன் அம்மா