லீவு நாளில் ரெண்டு மாத்திரை

நவ. 11, செவ்வாய்

அம்மாவின் இதயத்தைக் கெடுத்தது பாயான் லெப்பாஸில் அவர் கம்ப்யூட்டர் சிப் சோதிக்கும் கம்பெனி. விதி இல்லை, வயசு இல்லை, கம்பெனிதான்.

விடியற்காலையிலிருந்து மழை. அம்மாவுக்குக் கால் மறுபடி வீக்கம், சப்பாத்து நுழையவில்லை. உடம்பில் சேரும் நீரை இறக்கத் தந்த தண்ணி மாத்திரை அட்டையில் அப்படியே.

"ஏம்மா போடல?"

"போட்டா சும்மா சும்மா ஒண்ணுக்கு வரும்லா. அந்தத் தூசி படாத ரூம் உடுப்பு, தலையில இருந்து கால் வரைக்கும். கழட்டி, போயி, திரும்ப மாட்டிட்டு வந்தா, 'அக்கா, உங்களுக்குத் தனியா ஒரு டாய்லெட் கட்டணுமா'ங்கிறா லீடர். லைனே சிரிக்குது."

ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீரும் குடிப்பதில்லையாம்.

"அதான் லீவு நாள்ல ரெண்டா போட்டுக்கிறேனே. சரியா போச்சு."

சரியா போச்சாம்.

நவ. 12, புதன்

லேப். எலியின் இதய செல்கள். நேற்று ஆஞ்சியோடென்சின் ஹார்மோன் விட்டவை இன்று பெருத்திருக்கின்றன. பேராசிரியர் எட்டிப் பார்த்து, "பியூட்டிஃபுல்!"

ரத்தம் குறைகிறது என்று உடம்பு நினைத்தால் இந்த ஹார்மோன் கிளம்பும். செல்லின் மேலுள்ள ஏற்பியில் உட்காரும். உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தட்டிவிடும், அது அடுத்ததை. கடைசியில் உட்கருவுக்குச் செய்தி: பெருத்துக்கொள். கொஞ்ச நாளைக்கு உதவிதான். வருஷக்கணக்கில் என்றால் இதயச் சுவர் தடிக்கும், நார் படியும், பம்ப் ஓயும். தண்ணீர் குடிக்காமல் நிற்கிறவர் உடம்பிலும் கிளம்புவது இதேதான்.

என் ஆய்வேட்டில் இதற்குப் பெயர் 'தூண்டல்'. தூண்டுவது யார் என்று எழுத அதில் இடம் இல்லை.

வாங்க வேண்டியது: பூனைத் தீனி, பல்பு. மோட்டார் டயருக்குக் காற்று அடிக்கணும்.

நவ. 14, வெள்ளி

அம்மா கிளினிக்குக்குத் தனியாகப் போய்வந்தார். எனக்கு லேப் மீட்டிங். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்து, மருந்து போதவில்லை என்று வலுவைக் கூட்டிவிட்டார்.

"போடுறதே இல்லன்னு சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? ஏசுவாரு."

"இது கடுமையான மாத்திரைம்மா. ஞாயித்துக்கிழமை ரெண்டு போட்டுறாதீங்க."

"சரி சரி. பசியாறிட்டியா?"

நவ. 16, ஞாயிறு

ரெண்டு போட்டிருக்கிறார்.

குளியலறை வாசலில் விழுந்தார். உதடு வெளுத்து, கை சில்லென்று. ஆம்புலன்ஸ். இப்போது வார்டு, டிரிப்ஸ். இருந்த நீரையெல்லாம் மாத்திரை இழுத்துவிட்டது, பிரஷர் அதலபாதாளம். சிறுநீரகத்துக்கும் அடி. இதயம் முன்பைவிடப் பெருசு. "இன்னொரு தடவை தாங்காது," என்றார் டாக்டர், அம்மா காதுபடவே.

அவர் நகர்ந்ததும் அம்மா நர்ஸைக் கேட்டார்: "மிஸ்ஸி, எம்.சி. லீவு எத்தனை நாள் கிடைக்கும்? நாளைக்குக் காலை ஷிஃப்ட்."

கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"இனி அந்த லைனுக்குப் போகமாட்டேன்னு சொல்லுங்க. இல்ல, போனா மாத்திரையைப் போட்டுட்டுத்தான் போவேன், எவ சிரிச்சாலும் உடுப்பைக் கழட்டிட்டு எந்திரிச்சுப் போவேன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

இதை எழுதும்போதும் ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, தெரிகிறது.

சொல்லுங்கம்மா.