என்ரிக்கே என்று கூப்பிட்டால்

இத்தஜாய் பள்ளத்தாக்கு, பிரேசில்
1942 ஆகஸ்ட் 4

என் ஹைன்ரிஷுக்கு,

நமக்கு மகன் பிறந்து மூன்று வாரமாகிறது. உன் காதுகள்தான். தடையை மீறி மரமில்லில் ஜெர்மன் பேசினாய் என்று போலீஸ் உன்னைக் கொண்டுபோன மறுவாரமே பிறந்துவிட்டான்.

நாம் பேசிவைத்தபடி உன் பெயரையே வைக்கப் பதிவு அலுவலகம் போனேன். எழுத்தர், "ஜெர்மன் பேரெல்லாம் இனிமே எழுதக்கூடாதும்மா. போர்த்துகீசியத்துல என்ரிக்கேன்னு போட்டுக்கவா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

பாதிரியாரிடம் சொல்லி அழுதேன். "ரெண்டும் ஒண்ணுதான் செலிண்டா. வீட்டை ஆளுறவன்னு அர்த்தம், பழைய ஜெர்மன் வார்த்தை. பிரெஞ்சுக்காரன் ஆன்ரீம்பான், போலந்துக்காரன் ஹென்ரிக்ம்பான். இத்தாலிக்காரர் உங்கப்பா என்ரிக்கோ இல்லையா?" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். நான்கு வருடமாக உன்னை 'அந்த ஜெர்மன்காரன்' என்றே சொல்கிறவர். "அவனுக்கும் எனக்கும் ஒரே பேரா? பாதிரியாருக்கு வயசாயிடுச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

பதிவு செய்யட்டுமா?

உன் செலிண்டா

*

தடுப்பு முகாம்
ஆகஸ்ட் 19

அன்பு செலிண்டா,

மகன் என்று படித்ததும் பக்கத்துப் படுக்கைக்காரரை எழுப்பிச் சொன்னேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆனால் அந்தப் பெயர் வேண்டாம். ஊருக்கு ஊர் எப்படியும் சொல்லட்டும். என் அம்மா கூப்பிட்டது ஹைன்ரிஷ் என்று. உனக்கு எழுதும் கடிதத்தைக்கூடப் போர்த்துகீசியத்தில்தான் எழுத விடுகிறார்கள். பையன் பெயரையும் நானே அவர்களிடம் தூக்கிக் கொடுக்கவா?

நான் வரும்வரை பதியாதே. பதிந்தால் எனக்கு எழுதாதே.

ஹைன்ரிஷ்

*

அக்டோபர் 27

ஹைன்ரிஷ்,

உன் பதிலுக்குப் பிறகு இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. கோபமென்றால் திட்டியாவது எழுது.

செப்டம்பரில் குழந்தைக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு இழுத்தது. பதிவுத்தாள் இல்லாமல் மருத்துவமனையில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அப்பாதான் வண்டி பூட்டிப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். எழுத்தர் பெயர் கேட்டார். அப்பா சொன்னார்: "என்ரிக்கேன்னு எழுதுங்க. அவங்கப்பன் பேரு."

பிழைத்துவிட்டான். நான் செய்தது தப்பென்றால் சொல். சும்மா மட்டும் இருக்காதே.

செலிண்டா

*

தடுப்பு முகாம்
நவம்பர் 15

செலிண்டா,

உன் நான்கு கடிதங்களையும் இன்றுதான் படித்தேன்.

செப்டம்பரில் புது அதிகாரி வந்தார். தபால் கொடுக்கும்போது எங்கள் பெயர்களைப் போர்த்துகீசியத்தில்தான் கூப்பிடுவார். எழுந்து நின்றால்தான் கடிதம். 'என்ரிக்கே' என்பார். நான் அசையமாட்டேன். "இந்தப் பேர்ல யாருமில்லையா? சரி" என்று பெட்டியில் போட்டுவிடுவார். வாரக்கணக்கில் அப்படியே இருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று பக்கத்துப் படுக்கைக்காரர் பிடித்துக்கொண்டார். "ஒன் பேரு ஒசத்தியாவே இருக்கட்டும்யா. பொண்டாட்டி விடாம எழுதுறாளே, கொழந்தைக்கு என்னன்னு தெரிய வேணாமா?"

இன்று எழுந்து நின்றேன். நான்கையும் கையில் கொடுத்தார்.

நம் மகன் மூச்சுக்குத் திணறியபோது நான் இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறேன். நீ செய்தது தப்பில்லை. உன் அப்பாவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? எழுது. எப்படிக் கூப்பிட்டாலும் எழுந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் ஹைன்ரிஷ்