முப்பத்து நாலு எம்.எம்.

சார்ஜா,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கோகிலாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் வருகிறதா? போன வாரம் நான் போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே.

பட்டறைக்கு ஒரு பந்தய பைக் வந்தது. அந்த இன்ஜினுக்கு இருபத்தெட்டு எம்.எம். வாயுள்ள கார்புரேட்டர் போதும் என்றேன். வண்டிக்காரர் முப்பத்து நாலுதான் வேண்டும் என்றார். பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்று நினைப்பு. அகலமான குழாயில் இளநீரை உறிஞ்சினால் காற்றுதானே வரும்? மூன்று நாள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். அறையிலும் பட்டறையிலும் உடன் இருக்கும் திருச்செங்கோட்டுப் பூபதியண்ணன், "கேக்கறத மாட்டி உட்ருப்பா, நமக்கென்ன வந்துச்சு?" என்றார். மாட்டிவிட்டேன்.

ஓட்டிப் பார்க்க வேண்டியவனும் நான்தானே. வளைவில் மெதுவாகத் திரும்பி ஆக்சிலேட்டரை முறுக்கினேன். இன்ஜின் விக்கி நின்றது, வண்டி சாய்ந்தது. வெறும் சிராய்ப்புதான். மறுநாள் அண்ணன் இருபத்தெட்டை மாட்டினார். வண்டி இப்போது பறக்கிறதாம்.

அண்ணன் ஊருக்கு வருகிறார், அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் எதையாவது பெரிதாகச் சொன்னால் நம்பாதே. திரும்பும்போது இரண்டு டீ-சர்ட் கொடுத்தனுப்பு, பொத்தான் வைத்தது வேண்டாம். நம் வீட்டுப் பெரிய ஸ்பூன் ஒன்றும் வை. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, மடியில் வைத்து எழுதுகிறேன்.

அண்ணன் கிளம்பிவிட்டார், கடிதத்தைக் கேட்கிறார். நீ கூப்பிட்டால் போனை எடுக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகும். வைத்துவிடாதே, கோகிலா.

உன்
லோகநாதன்