எவரிஸ்ட் துவால் வாழ்கிறார்

நியூ ஆர்லியன்ஸ்
4 மார்ச் 1961

மதிப்பிற்குரிய திரு. ஃபிஷ்மன் அவர்களுக்கு,

உங்கள் ஜாஸ் வரலாற்றுப் புத்தகத்தில், கிளாரினெட் கலைஞர் எவரிஸ்ட் துவால் 1949இல் இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் இப்போது சமையலறையில் உட்கார்ந்து, பீன்ஸில் உப்பு போதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் அவர் மனைவி.

எங்கள் குடும்பக் கல்லறையில் இருப்பது அவருடைய சித்தப்பா பெயர். இருவருக்கும் ஒரே பெயர். கல்லறை வரைக்கும் வந்த நீங்கள், நாலு தெரு தள்ளி வந்து ஒரு கதவைத் தட்டியிருக்கலாம்.

தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கலைஞர்களை வைத்து இசைத்தட்டு போட டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆள் பிடித்தாராம். இவரைத் தேடவே இல்லை. இவர் வாசிப்பு இன்றுவரை ஒரு தட்டில்கூட இல்லை, ஐயா.

இப்படிக்கு,
ஓடில் துவால்

நியூயார்க்
13 மார்ச் 1961

அன்புள்ள திருமதி துவால்,

வெட்கத்தோடு எழுதுகிறேன். மற்றவர்களின் தேதிப் பிழைகளைப் பத்திரிகையில் கிழிகிழியென்று கிழித்தே பெயர் வாங்கியவன் நான். கல்லறைக் கல்லை நம்பிவிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் திருத்துகிறேன். ஈஸ்டருக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு நானே வந்து அவர் வாசிப்பைப் பதிவு செய்கிறேன். என் மன்னிப்பை அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள்,
வாரன் ஃபிஷ்மன்

நியூ ஆர்லியன்ஸ்
2 அக்டோபர் 1961

அன்புள்ள திரு. ஃபிஷ்மன்,

நலம்தானே? உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியபோது, "செத்தவன் வாசிச்சா மெஷின்ல ஏறுமான்னு கேளு" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கே கிளாரினெட்டைப் பிரித்துத் துடைத்து வைத்தார்.

ஈஸ்டர் போய் இப்போது அக்டோபர். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனால் அவருக்கு முன்பல் ஆடுகிறது. பல் போனால் கிளாரினெட்டும் போச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். யாருக்காக என்று நான் கேட்பதில்லை.

புத்தகம் காத்திருக்கும். நீங்கள் வாருங்கள்.

ஓடில்

நியூயார்க்
11 ஜனவரி 1963

அன்புள்ள ஓடில்,

இத்தோடு இரண்டாம் பதிப்பை அனுப்பியிருக்கிறேன். முழுக்கச் சரிபார்க்காமல் நகர முடியவில்லை, அதனால்தான் பயணம் தள்ளிக்கொண்டே போனது. 212ஆம் பக்கம் பாருங்கள்: "எவரிஸ்ட் துவால் நியூ ஆர்லியன்ஸில் வாழ்கிறார், இன்றும் வாசிக்கிறார்." அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன். ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வாரன்

நியூ ஆர்லியன்ஸ்
30 ஜனவரி 1963

திரு. ஃபிஷ்மனுக்கு,

புத்தகம் வந்தது. அதற்கு முந்திய வாரம் எவரிஸ்டை அடக்கம் செய்தோம். நிமோனியா.

ஊர் வழக்கப்படி பாண்டு வாத்தியக் குழு வந்தது. கல்லறைக்குப் போகும்போது சோகமாக, மெதுவாக வாசித்தார்கள், திரும்பும்போது எல்லாரும் ஆடுகிற மாதிரி துள்ளலாக. வேறு கிளாரினெட்காரரை அவர்கள் கூப்பிடவில்லை, எவரிஸ்ட் வழக்கமாக நடக்கும் இடத்தைக் காலியாக விட்டு நடந்தார்கள். நானும் எல்லாரோடும் ஆடினேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஒரு வரியைச் சரியாக்க இத்தனை காலம் உட்கார்ந்தீர்கள், ரயில் ஏறி வந்து அவர் வாசிப்பைக் கேட்கவில்லை. இனி யாராலும் கேட்க முடியாது.

இதைப் படித்ததும் பேனாவை எடுத்து 212ஆம் பக்கத்தைத் திருத்துவீர்கள். உங்கள் குணம் அது. வேண்டாம். என் புருஷன் வாழ்கிறார், இன்றும் வாசிக்கிறார் என்று எங்காவது ஓர் இடத்தில் இருக்கட்டும். தப்பாகவே இருக்கட்டும்.

ஏப்ரலில் வராதீர்கள்.

ஓடில் துவால்